செவ்வாய்ப்பேட்டைக் களிக்கடை அத்தாயி

அத்தாயி கடையில் ஒரு உருண்டை களி தின்றவன் பொழுது சாயும்வரை மூட்டை தூக்குவான். சும்மா சொல்லவில்லை. மிளகாய் மண்டியில் எடை போடுகிறவன் நான். மத்தியானம் எவன் எங்கே சாப்பிட்டான் என்பது அவன் மூட்டையைத் தோளில் ஏற்றும்போதே எனக்குத் தெரிந்துவிடும். காப்பிக் கிளப்பில் இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு வந்தவன் மூன்று மணிக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவான்.

கடை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தில் ஒரு கீற்றுக் கொட்டகை, இரண்டு அடுப்பு, சாணி மெழுகிய தரை. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், கொள்ளுப் பருப்பு. சந்தை நாளில் கருவாட்டுக் குழம்பு. யுத்தத்தில் அரிசி கண்ணில் படாமல் போனபோது பெரிய ஓட்டல்காரர்களே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அத்தாயி அடுப்பு ஒரு நாள்கூட அணையவில்லை. கூலிக்காரன் மடியில் இருப்பது எவ்வளவோ, அதற்குள் வயிறு நிறைய வேண்டும் என்பதுதான் அவள் கணக்கு. குழம்பை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுவாள்.

"வேல செய்யற ஒடம்பு சாமி, கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க" என்பாள்.

அதையும் குனிந்த தலை நிமிராமல்தான் சொல்லுவாள். புருஷன் பக்கத்தில் இல்லாத இளவயசுக்காரி, வண்டிக்காரனுக்கும் மூட்டைக்காரனுக்கும் சோறு போட்டுப் பிழைக்க வந்தால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அதனால் கடை வைத்த அன்றைக்கே ஒரு வைராக்கியம் எடுத்துக்கொண்டாள். எந்த ஆம்பிளை முகத்தையும் பார்ப்பதில்லை. இலையைப் பார்ப்பாள், இலைமேல் இருக்கிற கையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். கையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். எங்கள் மண்டி மருதாசலத்துக்கு மணிக்கட்டு வீங்கியதை அவன் பெண்டாட்டிக்கும் முந்திக் கண்டுபிடித்தவள் அவள்.

"அக்கா, நான் மீசைய எடுத்துட்டேன், பாத்தீங்களா?" என்று நான் ஒரு நாள் வம்புக்கு இழுத்தேன்.

"எடுத்தா எடுத்துக்க தம்பி. களிய ஆற உடாத" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

புருஷன் பெயர் தீர்த்தகிரி. வாழப்பாடிப் பக்கம். மழை பொய்த்த ஒரு வருஷம் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி பேச்சைக் கேட்டுக்கொண்டு மலாயாவில் ரப்பர் பால் வெட்டக் கப்பல் ஏறினான். பிறகு ஜப்பான்காரன் வந்தான். அதோடு பேச்சு மூச்சில்லை. தோட்டத்து ஆட்களையெல்லாம் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தீர்த்தகிரியின் தம்பி மணியன் மாசம் தவறாமல் வந்து நச்சரிப்பான். "அண்ணனுக்குக் கருமாதி செஞ்சுருவோம் அண்ணி. இன்னும் எத்தன காலத்துக்கு இப்படி? தாலியக் கழட்டிருங்க."

"பொணத்தக் கண்ணால பாத்தவன் ஒருத்தன் வந்து சொல்லட்டும், கழட்டறேன். அவரு வருவாரு தம்பி" என்பாள் அத்தாயி. அந்த ஒரு பேச்சுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் உயிரோடு இருந்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, சட்டியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்பாள். ஊருக்கே வடித்துக் கொட்டுகிறவளிடம் 'இன்னும் ஒரு கை போட்டுக்க' என்று சொல்ல ஒரு நாதி கிடையாது.

யுத்தம் முடிந்த மறு வருஷம், சித்திரை மாதம், சந்தை நாள். கொட்டகையில் நிற்க இடமில்லை. என் பக்கத்து இலையில் முண்டாசு கட்டிய ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான். எலும்பும் தோலும்தான் மிச்சம். வலது கை சூம்பிக் கிடந்தது. ஆட்காட்டி விரல் பாதியோடு நின்றுபோயிருந்தது. அத்தாயி களி வைத்தாள். வைத்தவள் அந்தக் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். அவன் கேட்காமலே இரண்டாவது உருண்டையும் வைத்தாள்.

"நல்லா சாப்புடுங்க சாமி" என்றாள்.

அவன் வாய் கோணியது. கண்ணில் நீர் முட்டியது. கருவாட்டுக் குழம்பு காரம் என்று நான் நினைத்துக்கொண்டேன். மெதுவாகத் தின்று முடித்தான். முடித்தும் எழுந்திருக்கவில்லை, கை காய்ந்துபோகும் அளவுக்கு உட்கார்ந்திருந்தான். அவள் போகிற பக்கமெல்லாம் அவன் தலை திரும்பியது. வெளியே அடுத்த பந்திக்கு நின்றவர்கள் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். அத்தாயி வந்து காலி இலையைப் பார்த்தாள்.

"சாப்புட்டாச்சுன்னா எந்திரிங்க சாமி. பசியோட ஆளுங்க நிக்கறாங்க."

அவன் எழுந்தான். இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சந்தைக்குச் சென்றாயன் வந்தான். அவள் ஊர் வண்டிக்காரன். மாட்டை அவிழ்க்காமல்கூட உள்ளே ஓடி வந்து, "ஏம்மா அத்தாயி, தீர்த்தகிரி வந்தானாமே! ஏன் ஒரு வார்த்த பேசல நீ?" என்றான்.

அவளுக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை. சென்றாயன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

"போன வாரம் வாழப்பாடி டேசன்ல பாத்தேன். விருத்தாசலம் வண்டில ஏறி உக்காந்துட்டான். 'கடைக்குப் போனேன் சென்றாயா, சோறு போட்டா, மொகத்த ஏறெடுத்துப் பாக்கல. எந்திரின்னு சொல்லிட்டா. கை சூம்பி வெரலும் போன ஆளு இனி அவளுக்கு எதுக்கு'ன்னு சொல்றான். அவ எவன் மொகத்தையும் பாக்க மாட்டாடா மடையான்னு நான் கத்தறேன், வண்டி நவுந்திருச்சு. அவங்காதுல உழுந்துச்சோ இல்லியோ."

அடப்பாவி மனுஷா! சயாம் காட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவனுக்கு, 'அத்தாயி' என்று ஒரு தடவை கூப்பிட என்ன கேடு? அந்த ரோஷத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தாயி கத்தவில்லை. என் பக்கம் திரும்பினாள். "உம் பக்கத்துல உக்காந்தவரா தம்பி? அந்த வெரலு இல்லாத கையா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அன்று மீதிப் பந்திக்கு நாங்களே போட்டுத் தின்றோம்.

மறுநாள் கடை திறந்தது. களி வைக்கும்போது ஒவ்வொருவன் முகத்தையும் நிமிர்ந்து பார்த்தாள். எங்களால்தான் அதைத் தாங்க முடியவில்லை. ஒவ்வொருவனும் தலையைக் குனிந்துகொண்டான். சந்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மாசமும் மணியன் வந்தான். நடந்ததைக் கேட்டுவிட்டு, "உசுரோட இருக்காருல்ல, அது போதும் அண்ணி. அழுவாதீங்க. வந்துருவாரு" என்றான்.

"எப்படித் தம்பி வருவாரு?" என்றாள் அத்தாயி. "நாந்தானே எந்திரிச்சுப் போகச் சொன்னேன்."