தூக்குவதும் எடுப்பதும்

என் அம்மா கன்னியம்மாவுக்கு இது இரண்டாவது ஆபரேஷன். முதல் முறை கர்ப்பப்பை இறங்கி வெளியே தெரிந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. உள்ளே மிச்சமிருந்த சதையும் இறங்கிவிட்டது. உட்கார்ந்தால் வலி, நடந்தால் உரசல், இருமினால் புடவை நனையும். தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் அவளுக்குத் தரை துடைக்கும் வேலை. பழைய துணியைச் சுருட்டி அடியில் கட்டிக்கொண்டு, அப்படியே துடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. பொதட்டூர்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்கா ஏஞ்சலின்தான் போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

"இந்தத் தடவ உள்ள எலும்பு பக்கமா இழுத்துத் தைக்கப் போறோம்" என்றார் டாக்டர் நர்மதா. "இதுவும் விட்டுப்போச்சுன்னா அப்புறம் எங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. போன தடவ ஆபரேஷனுக்கு அப்புறம் வெயிட் தூக்கினீங்களா?"

"சத்தியமா தூக்கல டாக்டரம்மா."

அம்மா பொய் சொல்லமாட்டாள். அதனால் போன தடவை தையல் போட்டவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் காலனியில் முதலில் காலேஜ் படியேறியவன் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில், ஒரு பாகம் ஏன் உடைந்தது என்று காரணம் தேடுவதுதான் என் பிழைப்பு. ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் வீட்டையும் அப்படித்தான் பார்த்தேன். குனியக்கூடாது என்பதால் தரையிலிருந்த கேஸ் அடுப்பு மேஜைக்கு ஏறியது. அரிசி, பருப்பு எல்லாம் இடுப்பு உயரத்துக்கு வந்தன. கட்டிலுக்கு அடியில் ஹாலோ பிளாக் வைத்து உயர்த்தினேன். குத்துக்கால் போட்டு உட்காரக்கூடாது என்று கக்கூஸுக்கு ஓட்டை வைத்த நாற்காலி வாங்கினேன். முக்கக்கூடாது என்று கீரையும் பப்பாளியும் வாங்கிப் போட்டேன். புகையால் இருமல் வந்தால் தையல் இழுக்குமே என்று அப்பாவின் பீடியை வாசலுக்கு விரட்டினேன்.

"செரிடா நைனா, வெளியவே குடிச்சிக்கிறேன். மழ வந்தா கொடையாவது குடுப்பியா?" என்றார் அப்பா சின்னராசு.

பக்கத்து வீட்டுக் கல்பனா எட்டிப் பார்த்தாள். "இன்னா ராபினு, ஊட்டையே கம்பெனி ஆக்கிட்ட? கார்டு தேச்சாதான் உள்ள உடுவியா?"

"எனக்கே இன்னும் கார்டு தரலடி" என்று சொல்லிச் சிரித்த அம்மா, பாதியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

கடைசியாகத் தண்ணீர் டிரம்மை வாசல் பக்கம் நகர்த்தினேன். எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் விடுவது, அப்பாவும் நானும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகுதான்.

"தண்ணிக்கு இன்னா பண்றதுன்னுதாம்மா தெரில."

"அத நான் எடுத்துக்கிறேன். நீ பேஜாராவாத."

"நீ எதையும் தூக்கக் கூடாதும்மா."

"தூக்க எங்கடா போறேன்? தண்ணி எடுக்கப் போறேன்."

எனக்குக் கை நின்றுவிட்டது. "போன தடவையும் எடுத்தியா?"

"பின்ன? தையல் பிரிச்ச வாரமே எடுத்தேன். யாரு எடுப்பா, உங்கப்பனா?"

"ஏஞ்சலின் குழந்தைய?"

"தூக்கல. இடுப்புல வச்சிக்கினேன், அவ்ளோதான்."

"கிரைண்டர் கல்லு?"

"அது கயட்டி வெக்கறதுடா. இன்னாடா நீ, போலீஸ்காரன் மாரி கேக்கற?"

சிறு வயதில் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவள். பலகையில் கல்லடுக்கித் தலையில் சுமந்து லாரிவரை ஓடுவார்கள். அவளுக்குத் தூக்குவது என்றால் அது ஒன்றுதான். கூலிக்குச் சுமந்தால் தூக்குவது. வீட்டுக்குச் செய்வதற்கெல்லாம் வேறு பேர் இருந்தது. எடுக்கிறது, வைக்கிறது, நகர்த்துகிறது. டாக்டர் தமிழில்தான் சொல்லியிருக்கிறார். அம்மாவும் தமிழில்தான் கேட்டிருக்கிறாள். சொன்னபடி ஒரு செங்கல்லைக்கூட அவள் தூக்கவில்லை.

"அம்மா, கொடம்தான் தூக்கறது. புள்ளைய வச்சிக்கறதும் தூக்கறதுதான்" என்றேன்.

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "படிச்சவன்னு எதுனா சொல்லிக்கினு இருக்காத. பொம்பள தண்ணி எடுக்காம இருப்பாளா?"

மறுநாள் குழாயிலிருந்து வீடுவரை பிளாஸ்டிக் ஓஸ் போட்டுப் பார்த்தேன். வரிசையில் நின்ற பெண்கள் விடவில்லை. "நீ ஓஸ் போட்டா நாங்க இன்னா காத்தையா புடிக்கிறது?" கேட்டதில் தவறில்லை. கல்பனா, தான் வீட்டிலிருக்கும் நாளில் ஊற்றுகிறேன் என்றாள். அவளுக்கும் பாதி நாள் வேலை. அக்கா வந்தால் கைக்குழந்தையோடுதான் வரவேண்டும், அது பாட்டி இடுப்பைத்தான் கேட்கும். தண்ணீர் வரும் நேரத்துக்கு நான் வீட்டில் இருக்கவேண்டுமானால் நிரந்தரமாக நைட் ஷிப்டு வேண்டும். ஷிப்டு இன்சார்ஜ் கோவிந்த் சாரிடம் கெஞ்சினேன்.

"எல்லாருக்கும் அம்மா இருக்காங்கப்பா. பாக்கலாம்."

ஆபரேஷன் அன்று காலை டாக்டர் நர்மதா வார்டுக்கு வந்தார். "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கணும், வெயிட் தூக்கக் கூடாது, சரியா?"

அம்மா தலையாட்டினாள். நான் குறுக்கே போனேன். "மேடம், அப்படிச் சொல்லாதீங்க. தண்ணி எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. கொடத்த இடுப்புல வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. பேரப்புள்ளையவும்."

டாக்டர் என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, நான் சொன்ன ஒவ்வொன்றையும் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அம்மாவின் தலையாட்டல் நின்றுபோனது.

"எம்மாம் நாளைக்கு டாக்டரம்மா?"

"முதல் மூணு மாசம் ஒண்ணுமே கூடாது. கனமானது இனிமே எப்பவுமே வேணாம்மா."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை உறையைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள்.

"ஊட்டுக்குப் போலாம் வாடா."

"அம்மா!"

"தண்ணி எடுக்கக் கூடாது, புள்ளய வாங்கக் கூடாதுன்னா, கட்டில்ல பொணமாட்டம் கெடக்கவா? துணிய கட்டிக்கினு இருந்துடறேன். இத்தினி நாளு இருக்கலையா?"

"புண்ணாயிடும்மா. இப்பவே ரத்தம் வருது. காலைப் பிடிச்சிக் கேக்கறேம்மா, படு."

நிஜமாகவே காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வார்டே எங்களைப் பார்த்தது. அவள் அழவில்லை, உறையை மடியில் வைத்துக்கொண்டு என் உச்சந்தலையையே பார்த்திருந்தாள். தள்ளுநாற்காலியோடு நர்ஸ் ஜெனிபர் வந்தபோது, இறங்கி அதில் உட்கார்ந்தாள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சூளைக்கல் தேய்த்த கை, பிடித்த இடம் எனக்கு வலித்தது.

"தண்ணி வர்ற நேரத்துக்கு நீ ஊட்ல இருப்பியா? என்னைப் படுக்க வெக்கறதுக்கோசரம் சொல்லாத. நெசமா இருப்பியா?"

"இருப்பேம்மா."

கதவு சாத்தினார்கள். அங்கேயே நின்று கோவிந்த் சாருக்குப் போன் போட்டேன். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன்.