திரையை இறக்கிவிட்டுப் போன நாள்

ஊர் ஊராகப் பிழைக்கும் நான், கெங்குவார்பட்டியில் குடமிளகாய் வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரம் ஒன்றில் வேலைக்கு இருந்தேன். ஒரு காலை காற்று பலமாக அடிக்கவே, பக்கத் திரைகளை இறக்கிவிட்டு உரம் வாங்கப் பெரியகுளம் போனேன். என்னோடு வேலை செய்யும் பேச்சியம்மா உள்ளே களை எடுப்பதை மறந்துவிட்டேன்.

மதியம் வந்தபோது அவர் மயங்கிக் கிடந்தார். திரைகளைத் தூக்கிவிட்டு, அங்கிருந்த தொட்டித் தண்ணீரை அள்ளினேன். வெந்நீராகச் சுட்டது. அவரை வெளியே தூக்கிவந்து குழாயடியில் நனைத்த பிறகே கண் திறந்தார்.

"இந்த வரிசைய முடிச்சுட்டு வெளிய வரலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவிச்சுப்புட்டியேலே" என்றார். "உள்ள வந்த சூடு வெளிய போகாதுன்னு மொதலாளி சொன்னாகள்ல?"

சாயங்காலம் கூடாரத்துக்குள் காற்று ஆறிவிட்டது. தொட்டித் தண்ணீர் ஆறவில்லை.

அதைத் தொட்டதும் ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ராமேஸ்வரம் பக்கம் படகில் வேலை செய்தபோது, விடியற்காலையிலும் கடல் வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியும் ஆலையும் விடும் புகை திரைபோலப் பூமியை மூடிவிட்டது, அந்தச் சூட்டைக் கடல்தான் குடிக்கிறது என்றார் படகுக்காரர். மீன் கிடைக்காததற்குச் சாக்கு என்று நான் சிரித்தேன்.

பேச்சியம்மாவைத் தூக்கிவர வெளியே ஓர் இடம் இருந்தது. கடலுக்கும் நமக்கும் அப்படி ஓர் இடம் இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.