டி டிரைவில் இருந்த ரெஜினாவின் குரல்

கம்ப்யூட்டர் சூடாகும்போது ஒரு வாசனை வரும். தூசி லேசாகக் கருகுகிற மாதிரி. பொன்மலைப்பட்டியில் எங்கள் வீட்டு ஹாலில் அந்த வாசனை வந்தால், ரெஜினா டைப் அடிக்க உட்கார்ந்துவிட்டாள் என்று பொருள்.

நண்பர்களே, மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. நேற்றுவரை கைநாட்டு வைத்தவன், இன்று உங்களுக்கு எழுதுகிறேன் பாருங்கள்... அந்தச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

ரெஜினா என் மனைவி. கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ் எல்லாம் வீட்டிலேயே டைப் செய்து கொடுப்பாள். நான் ரயில்வே பட்டறையில் பாரம் தூக்கியவன்.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டம் இருந்தன. ஆன் செய்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும். மேல் வரி விண்டோஸ். மகள் வந்தால் திறப்பாள். கீழ் வரி லினக்ஸ், ரெஜினாவுடையது. அதை முழுக்கத் தமிழில் வைத்திருந்தாள். எனக்கு இரண்டு வரியும் கோடுகள்தான். கீழ் அம்புக்குறியை ஒரு தட்டு, பிறகு என்டர். அதற்கு மேல் எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது.

அவளுக்கு உடம்பு முடியாமல் போன பிறகுதான் அதையும் எனக்குக் காட்டிக் கொடுத்தாள். தான் போய்விட்டால் இந்த மனுஷனுக்கு யார் படித்துச் சொல்வார்கள் என்ற கவலை. மைக்கை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசிப் பதிந்து, லினக்ஸ் திறந்ததும் தானாகவே ஒலிக்கும்படி வைத்தாள்.

"இந்தாங்க... மஞ்ச அட்டை பிரஷர் மாத்திரை. வெறும் வயித்துல போடாதீங்க. ரசஞ்சோறாவது ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போடுங்க. ஏமாத்தாதீங்க, எனக்குத் தெரியும்."

அவள் போன பிறகு, தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மாத்திரை. மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் கேட்பேன்.

பிறகு சிஸ்டம் திணற ஆரம்பித்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை ஜெரோம், ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்தார். புது லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று பென்டிரைவைச் செருகினார்.

"மாப்ள, அத்தை பேசினது பத்திரமா இருக்கணும்."

"பேக்கப் எடுத்தாச்சு மாமா. டி டிரைவ்ல போட்டுட்டேன். எது போனாலும் டி போகாது."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், சி கெட்டாலும் டி நிற்கும் என்று. ரெஜினாவும் முக்கியமானதை டி-யில்தான் போடுவாள். நானும் நம்பினேன்.

திரையில் எல்லாம் தமிழில் வந்தது. மாப்பிள்ளை இங்கிலீஷ் மீடியம். "என்ன தமிழோ இது... கடமுடான்னு இருக்கு" என்று தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் பெரிய எழுத்தில் ஏதோ கேட்டு நின்றது.

"மாமா, நீங்கதான் படிச்சுச் சொல்லுங்களேன்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய? அவர் தட்டிவிட்டார்.

புது சிஸ்டம் வந்தது. விண்டோஸ் இல்லை. டி இல்லை. ரெஜினாவும் இல்லை.

அவர் பதறிப்போய் விண்டோஸையும் திரும்ப ஏற்றி, ஏதேதோ செய்து பார்த்தார். கடைசியில் மன்னார்புரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்காரர் உள்ளிருந்து ஒரு சின்ன இரும்புப் பெட்டியைக் கழற்றிக் காட்டினார்.

"சி, டி ரெண்டும் இதுக்குள்ளதாங்க ஐயா. இருக்கிறது ஒரே டிஸ்க். நடுவுல கோடு போட்டு ரெண்டுன்னு சொல்லிக்கிறோம். மொத்தத்தையும் அழிச்சு, மேலயும் எழுதிட்டாங்களே..."

திரும்பி வரும்போது மாப்பிள்ளை சொன்னார்: "விடுங்க மாமா, அத்தை போட்டோதான் நிறைய இருக்கே."

அந்த வார்த்தை இன்னும் நெஞ்சில் கிடக்கிறது. போட்டோ பேசுமா?

அதற்குப் பிறகு டாக்டர் புதிதாகத் தந்த மாத்திரை அட்டைகளைத் தெருவில் போகிறவர்களிடம் நீட்ட வேண்டியிருந்தது. அந்த வெட்கம்தான் என்னை முதியோர் கல்வி வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

போன வாரம் அந்தப் பென்டிரைவ் கையில் கிடைத்தது. செருகி ஆன் செய்தேன். மாப்பிள்ளை தட்டிய மாதிரியே தட்டிக்கொண்டு போனேன். அந்த இடம் வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். தொடரவா?

வட்டு என்றால் டிஸ்க். இவ்வளவுதானா! நேர்த் தமிழ். நேர்க் கேள்வி. அன்றைக்கு அதன் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். படிக்கத் தெரிந்தவர் படிக்கவில்லை. தெரிந்திருந்தால் கட்டாயம் படித்திருக்கக்கூடிய எனக்கோ படிக்கத் தெரியாது.

வேண்டாம் என்பதைத் தேடி அழுத்தினேன். யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, ஆனால் தினமும் ஒருத்தி படித்துச் சொன்னாள். இப்போது மஞ்சள் அட்டையை நானே படிக்கிறேன். உணவுக்குப் பின் என்று மட்டும் மருந்துக் கடைக்காரர் தமிழில் எழுதியிருக்கிறார். ரசஞ்சோறு பற்றி ஒன்றும் இல்லை.