ஒரு குழல் போதும் என்பவர்கள்

“துப்பாக்கியத் தொடாதீங்க. மொதல்ல இதப் புடிங்க” என்று சொல்லி, கார்பைன் என்னும் குட்டை ரைஃபிளின் வயிற்றுக்குள்ளிருந்து உருவிய இரும்புக்கட்டியை வந்தவரின் உள்ளங்கையில் வைக்கிறாள் லவோன் ஸ்ட்ரிக்லர். வந்தவரின் கை கொஞ்சம் தாழ்கிறது. வாட்டசாட்டமான பண்ணைக்காரர்களின் கையும் தாழத்தான் செய்யும். பார்வைக்குச் சோப்புக்கட்டி போலிருப்பது இத்தனை கனக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. கை தாழ்வதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் பேச்சை ஆரம்பிப்பாள்.

“பெரிய ரைஃபிள்ல உள்ளுக்குள்ள ஒரு பூட்டு இருக்கும். தோட்டா வெளிய போற வரைக்கும் பின்கதவு தொறக்காது. இதுல பூட்டே கெடையாது. கைத்துப்பாக்கித் தோட்டாதானே, அதுக்கு எதுக்குப் பூட்டுன்னு விட்டுட்டாங்க. கதவுக்கு முட்டுக்குடுக்கிறது இந்தக் கனம் மட்டுந்தான்.”

அமெரிக்காவில், மொன்டானா மாநிலத்தின் கிழக்குக் கோடியில், தானியக் களஞ்சியமும் ரயில் பாதையும் ஓயாத காற்றும் உள்ள சின்ன ஊர் அது. அங்கே ஆர்லோ ஃபென்ஸ்கேயின் கடையில் தூண்டில், கம்பளிக் காலுறை, கன்றுக்குட்டிப் பால்மாவு எல்லாவற்றோடும் துப்பாக்கியும் உண்டு. துப்பாக்கி மேசை லவோனுடையது. அறுபதைத் தாண்டியவள். மூக்குக்கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். முன்பு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள் என்பதால், ஊரில் பாதிப் பேரை ‘கேரட்டை ஒதுக்கினவன்’, ‘ரெண்டாவது தடவை வாங்கினவன்’ என்றுதான் அவளுக்கு ஞாபகம். சூரியகாந்தி விதையைக் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பாள். மத்தியானம் டூனாவும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷை, உட்காராமல், கணப்படுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே தின்று முடிப்பாள். கணவர் ஜீன் போனபிறகு வீட்டில் காது கேட்காத ஒரு நாய் மட்டும்.

இந்தச் சில வருடங்களாக அந்த மேசையில் அதிகம் விசாரிக்கப்படுவது, ஒரே உடம்பில் பல குழல் மாட்டும் கார்பைன். பெட்டியைத் திறந்தால் ஒன்பது மில்லிமீட்டருக்கு ஒரு குழல், ‘நாற்பத்தைந்து’ என்னும் தடித்த தோட்டாவுக்கு ஒன்று, பத்து மில்லிமீட்டருக்கு ஒன்று. எது கையில் கிடைக்கிறதோ அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுடலாம் என்பது அதன் கவர்ச்சி. லவோன் அந்தக் கவர்ச்சியை ஒவ்வொரு இழையாகப் பிரித்துக் காட்டுவாள்.

“ஒன்பதுக்கு இந்தக் கனம் போதும். பத்து போட்டா இன்னும் கனம் வேணும். எல்லாத்துக்கும் பெரிய கட்டியே இருக்கட்டும்னு விட்டா, பாவம் ஒன்பது, பட்டறைக்கல்லத் தள்ளுற மாதிரி தள்ளணும். அவ்வளவு பெரிய கட்டி முன்னயும் பின்னயும் இடிக்கிறதுல குறி ஆடிப்போகும். சரி, குழல மாத்துறப்போ கனத்தையும் மாத்திக்கலாம்னா, ஒரு நாளைக்கு மறந்துருவீங்க. மறந்தா கதவு முந்தித் தொறந்துக்கும். அப்ப தோட்டாவோட பித்தளைக் கூடு எங்க பிய்யும்? உங்க மூஞ்சிக்குப் பக்கத்துல.”

அதோடு விடமாட்டாள். தோட்டா மாறினால் அதை அடுக்கும் மேகசின் மாறும், மேகசின் மாறினால் அது நுழையும் வாய் மாறும், குழலைக் கழற்றி மாட்டினாலே பழைய குறி போய்விடும் என்று ஒவ்வொன்றாக வரும். “பாதிக் கண்ணாடி தூரத்துக்கு, பாதிக் கண்ணாடி கிட்டத்துக்குன்னு போட்டுக்கிறோமே, அந்த மாதிரி. எல்லாம் தெரியும். படியில எறங்கறப்பதான் விழுவோம்.”

“நீ விக்கிறியா, வெரட்டுறியா?” என்பார் ஆர்லோ உள்ளிருந்து.

தினம் காப்பிக்கு வரும் ஓர்வல் கிழவர் பத்து மில்லிமீட்டர் கட்சி. கரடிக்கு அதுதான் லாயக்கு என்பார்.

“இந்தக் கோதுமைக்காட்டுக்குக் கரடியா? வழி கேக்கக்கூட அதுக்கு ஆள் கெடைக்காதே, ஓர்வல்.”

“வந்தா என்ன பண்ணுவ?”

“ஒங்கூட உக்காரவச்சுக் காப்பி குடுப்பேன். அதுவே ஓடிரும்.”

இப்படிச் சண்டை பிடித்து, இரும்பைக் கையில் உருட்டி, பெண்டாட்டிக்குப் போன் செய்து, மறுநாள் வருகிறேன் என்று போய், மறுநாள் வந்து மறுபடியும் சண்டை பிடித்துத்தான் அந்த ஊரில் ஒருவன் கார்பைன் வாங்குவான். இரண்டாவது குழலை அறுவடைக்கப்புறம் எடுத்துக்கொள்கிறேன், மூன்றாவது மகனுக்கு என்பான். லவோனுக்கு அந்த வழவழப் பேச்சு பிடிக்கும். பிடிக்கும் என்பதைவிட, இப்போது அதைக் கேட்காமல் அவளுக்கு ரசீது எழுதக் கை வராது. அதற்குக் காரணம் வெர்ன் ஹோயம்.

வெர்ன் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டுப்பண்ணை. ஒரு மார்ச் மாதம், பசுக்கள் கன்று போடும் சமயம், பூட்ஸில் சேறோடு வந்தான். லவோன் வழக்கம்போல் இரும்பை அவன் கையில் வைத்தாள். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை. சூடான பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல உடனே கொடுத்துவிட்டான்.

“எது இருக்கோ அதக் குடு, லவோன்.”

“ஒன்பதா, நாப்பத்தஞ்சா?”

“எதுன்னாலும்.”

“மத்த ரெண்டு குழல்?”

“வேண்டாம். ஒண்ணு போதும்.”

கன்று போடும் காலத்தில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது என்று அவள் நினைத்தாள். சட்டப்படி கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் கேட்டாயிற்று, அரசாங்கச் சோதனைக்குத் தொலைபேசியில் பேசி, விற்கலாம் என்று பதிலும் வந்தாயிற்று. வெர்ன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை. கதவுவரை போனவன் திரும்பி, “ஜீன் நல்ல மனுஷன்” என்றான். ஜீன் செத்து அப்போதே வருஷக்கணக்காகியிருந்தது. அந்த வாரம் முடிவதற்குள் வெர்ன் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டான். துணை ஷெரிஃப் கடைக்கு வந்து, வாங்கியது எப்போது என்று மட்டும் கேட்டுவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சவ அடக்கத்துக்கு அவள்தான் ஹாட்டிஷ் செய்து எடுத்துப் போனாள். வெர்னின் மனைவி அதை வாங்கி, பாத்திரத்தைக் கழுவி, அங்கேயே திருப்பிக் கொடுத்தாள். அங்கெல்லாம் பாத்திரத்தைத் திருப்பித் தர ஆறப்போட்டு ஒருநாள் வருவார்கள். வந்து உட்கார்ந்து பேசுவார்கள். உடனே கழுவிக் கொடுத்தால் அதற்கு வேறு அர்த்தம்.

வேலையை விட்டுவிடு என்று லவோனிடம் அவள் தங்கை சொன்னாள். “நான் போனா ஆர்லோ ஒரு சின்னப்பயலக் கொண்டாந்து நிறுத்துவான். அவன் போனப் பாத்துக்கிட்டே வித்துருவான்” என்று லவோன் பதில் சொன்னாள். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை.

இந்த ஜனவரியில் டல்லஸ் க்னுட்சன் வந்தான். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவன். வயது முப்பது முப்பத்திரண்டு இருக்கும். கேரட்டைத் தின்றுவிட்டுப் பக்கத்துத் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்னும் பிள்ளையாக அவளுக்குத் தெரிந்தவன். இப்போது தாடைக்குக் கீழே சட்டைக் காலர் தொளதொளவென்று நின்றது. இரும்பு அவன் கையில் சும்மா கிடந்தது. கை தாழவும் இல்லை. முன்பே அது தாழ்ந்துதான் இருந்தது.

“கார்பைன் ஒண்ணு வேணும்.”

“எந்தத் தோட்டாவுக்கு?”

“ஏதோ ஒண்ணு.”

“நாயத் தொரத்தவா, பந்தயத்துக்கா?”

“ஏங்க, குடுக்க மாட்டீங்களா?”

லவோன் கார்பைனை எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். “இதுல கனக்கட்டி ஒண்ணு கொறையுது. இன்னைக்கி விக்க முடியாது” என்றாள்.

உள்ளிருந்து ஆர்லோ எட்டிப் பார்த்தார். “எது கொறையுது? காலையிலதான நான் பாத்தேன், எல்லாம் இருந்துச்சே.”

அவள் ஆர்லோவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, ஆனால் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

“டல்லஸ், நேராவே கேக்கறேன். உன்னையே முடிச்சுக்கணும்னு நெனச்சு வந்தியா?”

அவன் முகம் சிவந்தது. தூண்டில் பக்கம் நின்றிருந்த இருவர் பேச்சை நிறுத்தினார்கள்.

“ஒங்களுக்குப் பைத்தியமா? வேற ஊர்ல கடை இல்லையா?” என்று சொல்லி அவன் வெளியேறினான்.

லவோன் கோட்டுகூடப் போடவில்லை. பனியில் செருப்போடு ஓடி, அவன் பிக்கப் வண்டியைக் கிளப்புவதற்குள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எறங்குங்க.”

“மாட்டேன்.”

“போலீசக் கூப்பிடுவேன்.”

“கூப்புடு. ஷெரிஃப் ஆபீஸ்ல இருக்கிறவனும் நான் போட்ட சோத்தத் தின்னவன்தான். வந்தா பின்னாடி ஏறி உக்காரட்டும்.”

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். வண்டிக்கண்ணாடி இரண்டு பேருடைய மூச்சிலும் மெல்ல மங்கியது. கோட்டு இல்லாத லவோன் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டாள். அவளுக்குக் குளிரில் பல் தந்தியடித்தது. அதைப் பார்த்துவிட்டு, கோபம் குறையாமலே அவன் ஹீட்டரைக் கூட்டிவைத்தான்.

“தூக்கமே இல்ல” என்றான். “ராத்திரியெல்லாம் ரோட்டுல பனியத் தள்ளிட்டுத் திரும்பிப் பாத்தா, காத்து மறுபடி கொண்டாந்து போட்டிருக்கும். அதுக்கு எதுக்குத் தள்ளணும்னு இருக்கு. எல்லாமே அப்படித்தான் இருக்கு.”

“ம்.”

“ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?”

“எனக்கு அதுக்குப் பதில் தெரியாது, டல்லஸ். யாரக் கூப்புடணும், சொல்லு. கூப்புடறேன். வர்ற வரைக்கும் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.”

அவன் போனை எடுத்து அவள் மடியில் போட்டான். “மார்னி” என்றான். அவன் அக்கா. அடுத்த ஊரில் பல் மருத்துவரிடம் வேலை பார்ப்பவள். வேலைச் சட்டையோடு வந்தாள். தம்பியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டாள். அவன் வீட்டில் ஏற்கெனவே இருந்த துப்பாக்கிகளை அன்றே எடுத்துப்போய்த் தன் வீட்டில் பூட்டிவைத்தாள் என்று பிறகு தெரிந்தது. லவோனுக்கு நன்றி என்று மார்னி சொல்லவில்லை. சொல்லும் நிலையிலும் அவள் இல்லை.

நல்லது நடந்தது என்று இங்கே நிறுத்திவிடலாம். ஆனால் அது சின்ன ஊர். கடையில் நாலு பேர் காதுபட அவள் கேட்ட கேள்வி, அன்று மாலையே மதுக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டல்லஸுக்குக் கட்டாய விடுப்பு கொடுத்தார்கள். வண்டியில் போகிறவர்கள் எதிரே வருபவருக்கு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரல் உயர்த்துவது அந்தப் பக்கத்து வழக்கம். டல்லஸ் அவளைக் கண்டால் விரலை உயர்த்தவில்லை. ஒருநாள் தபால் நிலைய வாசலில் நேருக்கு நேர் நின்று, “ஊரு பூரா என்னப் பைத்தியக்காரன்னு பாக்குது. சந்தோஷமா?” என்று கேட்டான்.

“இல்ல” என்றாள் லவோன்.

கடைக்கு வருகிறவர்கள் அவளிடம் கொஞ்சம் யோசித்துப் பேசினார்கள். முகம் வாடியிருந்தால் கேள்வி கேட்பாள் என்று சிரித்துக்கொண்டே ஒருவன் சொன்னான். இரண்டு மூன்று பேர் வேறு ஊரில் வாங்கினார்கள். ஆர்லோ நல்லவர்தான், ஆனாலும் திங்கள், செவ்வாய் அவள் வரவேண்டாம் என்று, பனிக்காலத்தில் முதுகுக்கு ஓய்வு வேண்டாமா என்ற தோரணையில் சொன்னார். அவள் சரி என்றாள். அந்த நாட்களில் அவள் வீட்டில் என்ன செய்கிறாள் என்று ஓர்வல் கேட்டதற்கு, “நாய்கூடப் பேசறேன். அதுக்குக் காது கேக்காது, அதனால வம்பில்ல” என்றாள்.

ஏப்ரலில் டல்லஸ் ஊரைவிட்டுப் போய்விட்டான். டகோட்டாவில் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு என்று ஒருவர் சொன்னார். இல்லை, எங்கோ வடக்கே தனியாக இருக்கிறான் என்று இன்னொருவர். மார்னியைக் கேட்கலாம், கேட்கும் உரிமை தனக்கு உண்டா என்று லவோனுக்குத் தெரியவில்லை. எண்ணைச் சுழற்றுவாள், மணி அடிப்பதற்குள் வைத்துவிடுவாள். சாவுச் செய்தி வரும் பக்கத்தை மட்டும் பிரிக்காமலே செய்தித்தாளை அடுப்பில் போடப் பழகிக்கொண்டாள்.

மே மாதம், ஆற்றில் பனிக்கட்டி முழுக்கப் போனபின், ஒரு புதன்கிழமை மார்னி கடைக்குள் வந்தாள். தூண்டில் பக்கம் கொஞ்சநேரம் நின்றாள். அவளுடைய முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. லவோன் வாயிலிருந்த விதையைத் தோலோடு விழுங்கிவிட்டாள்.

“மீன்பிடி உரிமம் வேணும். இந்த வருஷத்துக்கு” என்றாள் மார்னி.

லவோன் முகவரி கேட்டாள், உயரம் கேட்டாள், கண் நிறம் என்னவென்று கேட்டாள். எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள். இயந்திரம் காகிதத்தைத் துப்பியது. அதைக் கிழித்து நீட்டினாள். மார்னி மறுமுனையைப் பிடித்தாள். லவோன் விடவில்லை. மார்னி லேசாக இழுத்துப் பார்த்தாள். காகிதம் இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. லவோன் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இருக்கான்” என்றாள் மார்னி.

லவோன் காகிதத்தை விட்டாள்.