ஹாலந்தின் மேல் போட்ட பழி

இந்த ஊரில் வெயில் பதினைந்து டிகிரியைத் தொட்டால் போதும், சனமெல்லாம் அரை டிரௌசரோடு பூங்காப் புல்லில் மல்லாந்துவிடும். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா சட்டையைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டுத் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். போன வருடம் முழுக்க, அதே நேரத்தில், நான் இரண்டு ஜோடி சாக்ஸ், என் ஸ்வெட்டர், அதற்கு மேல் என் கணவரின் ஸ்வெட்டர், தலைக்கு மங்கி குல்லா சகிதம் சமையலறை ஜன்னலில் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் கையசைப்பார், நானும் அசைப்பேன். ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகச் சிரித்துக்கொள்வோம்.

நாங்கள் காங்கேயத்துக்காரர்கள். என் கணவருக்கு ஹாலந்தில், ஐண்ட்ஹோவன் நகரத்தில் ஒரு எந்திரக் கம்பெனியில் வேலை. இரண்டு பெண் குழந்தைகளோடு இங்கே வந்து மூன்று வருடமாகிறது. முதல் வருடம் ஜோராகத்தான் போனது. சைக்கிள் பழகினேன், டச்சு வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். இரண்டாம் வருடம்தான் எல்லாம் பிசகியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இந்த ஊர்த் தண்ணீர் சரியில்லை என்றேன். தோல் வறண்டு வெடித்தது, காற்று சரியில்லை. வயிறு கட்டிக்கொண்டது, எந்நேரமும் ரொட்டி தின்றால் வேறென்ன ஆகும்? மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தால் பள்ளிவிட்டுக் குழந்தைகள் வந்து எழுப்பும்வரை தூங்கினேன். இந்த மூட்ட வானத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? நேற்றுப் படித்த டச்சு வார்த்தை இன்றைக்கு மறந்துபோனது. அதற்கு அந்த மொழிதான் பொறுப்பு. இப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்து ஹாலந்தின் மேல் ஒரு பெரிய குற்றப் பத்திரிகையே தயாரித்துவிட்டேன்.

"இந்த நாடு எனக்கு ஒத்துக்கலீங்க மாமா. ஊருக்கே போயிரலாம்" என்று ஒருநாள் என் கணவரிடம் சொல்லியும்விட்டேன்.

அவர் தோசையைப் பிய்த்தபடியே இருந்தார். "ஒப்பந்தத்த நீட்டிக்கறமா இல்லையான்னு ஜூலைக்குள்ள சொல்லோணும் புள்ள. நீ என்ன சொல்றயோ அதுதான்" என்றார். மனிதருக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையும் எந்திரத்தின் படத்தை வைத்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிற ஆள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவர் சொல்லவில்லை, சண்டை போடவும் வழியில்லை.

எனக்குத் தைராய்டு இருப்பது புதுச் செய்தி அல்ல. சின்னவள் பிறந்த பிறகு கோயமுத்தூரில் கண்டுபிடித்து, ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். விடிந்ததும் வெறும் வயிற்றில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் காப்பி குடிக்காமல் இருக்க வேண்டும். எங்கள் ஊர்க்காரிக்கு வியாதியைவிட அந்த ஒரு மணி நேரம்தான் கொடுமை. மற்றபடி, பொட்டு வைப்பதைப்போல அதுவும் ஒரு காலை வேலை, அவ்வளவுதான். அந்த மாத்திரைக்கும் என் ஹாலந்துக் கஷ்டங்களுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

இங்கே எதற்கும் முதலில் குடும்ப டாக்டரிடம்தான் போக வேண்டும். ஹைஸ்ஆர்ட்ஸ் என்பார்கள். எங்களுடையவர் நெடுநெடுவென்று ஆறடி உயரப் பெண்மணி. கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, காத்திருக்கும் அறைக்குத் தானே வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ரத்தப் பரிசோதனை முடிவைத் திரையில் பார்ப்பார். "தைராய்டு எண் கொஞ்சம் கூடியிருக்கிறது, ரொம்ப இல்லை" என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஹேஃப்ட் யூ கிளாஹ்டன்?" என்று கேட்பார்.

கிளாஹ்டன் என்றால் புகார்கள் என்று வகுப்பில் படித்திருந்தேன். கடையில் வாங்கிய பொருள் உடைந்திருந்தால் போய்ச் சொல்வோமே, அது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் பந்தி முடிந்து கை கழுவிவிட்டு வரும் ஒறம்பரைகளிடம், அதாவது விருந்தாளிகளிடம், வீட்டுக்காரர் கைகூப்பி, "ஏதாச்சும் கொறை இருந்துதுங்களா?" என்று கேட்பார். சாம்பாரில் உப்பே இல்லாவிட்டாலும், "ஒரு கொறையும் இல்லீங்க, எல்லாம் நெறைவா இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தாம்பூலப் பையை வாங்க வேண்டும். அடடா, வெள்ளைக்காரி எவ்வளவு பண்பாகக் கேட்கிறாள் என்று நான் நெகிழ்ந்துபோனேன். அவசர அவசரமாக, "ஹேன் கிளாஹ்டன்! ஹேன் கிளாஹ்டன்! அலஸ் ஹூட்!" என்றேன். புகாரே கிடையாது, எல்லாம் அருமை என்று அர்த்தம். அவருக்கும் சந்தோஷம். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். இப்படி மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் நான் அவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டுக் குல்லாவை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சித்திரையில் மூன்று வாரம் விடுமுறைக்குக் காங்கேயம் போனோம். என் அண்ணன் மனைவியை எங்கள் வழக்கப்படி நங்கையா என்று கூப்பிடுவேன். எண்ணெய் மில்லில் பத்து ஆட்களை நின்ற இடத்திலிருந்தே வேலை வாங்குகிற கெட்டிக்காரி. போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம், வீடே வெந்துகொண்டிருக்கும்போது, நான் எழுந்து போய் ஃபேனை நிறுத்தினேன்.

"ஏன் அம்மணி, கரண்டு போயிருச்சா?" என்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே நங்கையா வந்தார்.

"இல்லீங்க நங்கையா. நாந்தான் நிறுத்துனேன். குளுருதுங்க."

என் அண்ணன் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தான். நங்கையா என் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உன்ற மொகத்தப் பாரு, ஊதிக் கெடக்குது. புருவத்துல பாதியக் காணோம். பேச்சு இழுத்துட்டு வருது. அந்த நாட்டுல உன்னிய ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்கறதில்லையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் குளிர் ஹாலந்துடையது என்றால், காங்கேயத்துச் சித்திரைக்குள் அது எப்படி வந்தது? நானென்ன பெட்டியில் வைத்தா கொண்டுவந்தேன்?

மறுநாளே நங்கையா என்னைக் கோயமுத்தூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். ரத்தம் கொடுத்து, சாயங்காலம் முடிவோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். தைராய்டு குறைந்தால் கூடுகிற எண் ஒன்று உண்டு, டி.எஸ்.ஹெச் என்பார்கள். ஐண்ட்ஹோவனில் ஆறாக இருந்தது இப்போது பதினான்கு. டாக்டர் கேட்டார், "அசதி இருக்குதுங்களா? முடி கொட்டுதுங்களா?"

வாய்ப் பழக்கம் போகுமா? "அப்படியொண்ணும் பெருசா இல்லீங்க சார், பரவால்லீங்க" என்றேன்.

"பொய்யிங்க டாக்டர்!" என்று நங்கையா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார். "சீப்பப் பாத்தா வயிறு எரியுது. வந்ததுல இருந்து தூங்கறா. வெசனப்பட்டுட்டு நாங்கதான் முழிச்சிருக்கறமுங்க."

டாக்டர் சிரித்துவிட்டார். "நெம்பர் பாதி சொல்லும், மீதிய நீங்கதான் சொல்லோணும். நீங்க நல்லா இருக்கறேன்னு சொன்னா நாங்க நம்பித்தானுங்க ஆகோணும்" என்றார். சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்துகொண்டிருக்கிறது, மாத்திரை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது என்று விளக்கிவிட்டு, எழுபத்தைந்தாகக் கூட்டினார். உடனே மாற்றம் தெரியாது, ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்து அங்கேயே டாக்டரிடம் காட்டச் சொன்னார். திரும்பி வரும்போது பல்லடம் தாண்டியதும், கூட வந்திருந்த என் கணவர், "மொதல்ல நெம்பர் சரியாகட்டும் புள்ள. அப்பறம் நாட்டப் பத்திப் பேசலாம்" என்றார். குரலில் ஒரு சின்ன நம்பிக்கை தெரிந்தது.

ஜூன் மாதம் ஆறடி டாக்டரிடம் கோயமுத்தூர்ச் சீட்டை நீட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. திரையைக் காட்டி, "மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் கிளாஹ்டன் இல்லை என்றீர்களே!" என்றார்.

"உங்களைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லையே டாக்டர்" என்றேன்.

என்னைப் பற்றியா என்று ஒரு நிமிடம் விழித்தார். பிறகு விஷயம் பிடிபட்டதும் மேசையில் கவிழ்ந்து சிரித்தார். கிளாஹ்டன் என்றால் புகாரும்தான், உடம்பு உபாதையும்தான். இந்த மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். நான் கல்யாணப் பந்தியைப் பற்றிச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இங்கே புகார் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. நீங்கள் சொல்லாவிட்டால் என்னால் வேலை செய்ய முடியாது" என்றார். சரி என்று, வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு அந்நியரிடம் என் குறைகளை ஒன்றொன்றாகச் சொன்னேன். பாதியில் வெட்கம் பிடுங்கித் தின்றது. புது ரத்தப் பரிசோதனையில் எண் ஆறுக்கு இறங்கியிருந்தது, ஆனால் அசதியும் குளிரும் பாக்கி இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்து, எண்பத்தெட்டாகக் கூட்டினார்.

அதற்கடுத்த ஆறு வாரத்தில் என்னை யாரோ துடைத்து வைத்தாற்போல ஆகிவிட்டது. மத்தியானத் தூக்கம் போனது. குல்லா அலமாரிக்குப் போனது. டச்சு வார்த்தைகள் சொன்ன இடத்தில் நின்றன. ஜூலையில் எண் இரண்டு. டாக்டர் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். வீட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்த குறைப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒன்று மட்டும் நின்றது: ஹைம்வே. ஊர் ஏக்கத்துக்கு இங்கே அப்படிப் பெயர். உண்மையைச் சொன்னால், அதையும் தைராய்டு கணக்கில் சேர்த்து, மாத்திரையில் போய்விடும் என்று நம்பியிருந்தேன்.

"அதற்காகக் கூட்டினால் உங்கள் நெஞ்சுதான் படபடக்கும். இந்த அளவு சரி" என்று சொல்லிவிட்டு, புகார் இல்லை என்று எழுதப் போனார்.

"இல்லை டாக்டர், ஒன்று இருக்கிறது என்று எழுதுங்கள்" என்றேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு அப்படியே எழுதினார்.

அன்று சாயங்காலம், "ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுருங்க மாமா" என்றேன். மனிதர் எழுந்து போய், மாத்திரை நேரமெல்லாம் முடிந்துவிட்ட தைரியத்தில், எனக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். ஒரு கொறையும் சொல்லாமல் குடித்தேன்.

அடுத்த வாரம் இங்கே அனல் பறந்தது. முப்பத்தைந்து டிகிரி. எனக்கு வியர்த்தது! கடைக்கு ஓடி ஒரு மேசை ஃபேன் வாங்கிவந்து போட்டுவிட்டு, நங்கையாவை வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் அவர் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே ஆடிக் காற்று தென்னையைப் போட்டு உலுக்கும் சத்தம் கேட்டது.

"இங்க புழுக்கமுங்க நங்கையா, ஃபேன் போட்டிருக்கறேன்!" என்று கத்தினேன்.

"அப்பாடா!" என்றார். "இங்க குளுரு தாங்கல அம்மணி. நான் ஃபேன நிறுத்திப்போட்டேன்."

அவருடைய காற்றின் சத்தம் என் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தது. என் காற்றின் சத்தமும் அங்கே கேட்கட்டும் என்று, நான் என் ஃபேனைத் திரையின் பக்கம் திருப்பி வைத்தேன்.