நிலம் பார்த்திருந்த தலைவர்

என் வலது கண்ணின் விழித்திரை கழன்றபோது, எங்கள் ஊர் வாசிகசாலைக்கு நான் தலைவராக இருந்தேன். இடது கண் முன்னமே மங்கிப்போனது. பள்ளிப் படிப்பு அதிகம் வாய்க்காத எனக்கு, அறிந்தவை யாவும் அந்த வலது கண்வழியே வந்தவை. ஆகையால் சத்திரசிகிச்சைக்கு உடனே சம்மதித்தேன்.

வைத்திய நிபுணர் பொறுமையாக விளக்கினார். சுவரிலிருந்து சாந்து கழன்றதுபோலக் கண்ணின் உட்படலம் கழன்றிருந்தது. சிலருக்குக் கண்ணைச் சுற்றி வெளியே ஒரு பட்டி வைத்து உள்நோக்கி அழுத்துவார்களாம். எனக்கோ உள்ளிருக்கும் கூழை வெட்டி அகற்றி, கிழிந்த இடத்தைச் சுற்றி லேசரால் சுட்டு, காஸ் என்னும் வாயுவை நிரப்ப வேண்டும். காஸ் மேலெழும் இயல்புடையது; முகம் நிலத்தை நோக்கியிருந்தால்தான் அது படலத்தைப் பின்சுவரோடு அழுத்திப் பிடிக்கும். நிமிர்ந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

சிகிச்சை முடிந்து வீடு வந்தேன். கண்ணுக்குள் காஸ் என்ற செய்தியை ஊரவர் வாய்வு என்று விளங்கிக்கொண்டு, சுட்ட உள்ளிப்பூண்டும் பெருங்காயமும் கொண்டுவந்தார்கள். குனிந்திருந்த எனக்கு, மங்கிய இடக்கண்ணால் அவர்களின் பாத தரிசனம் மட்டுமே கிடைத்தது.

ஒருநாள் மாலை வாசிகசாலைச் செயலாளர் நாலைந்து பேருடன் வந்து, என் நேர்முன்னே நின்றார். என் தலைவர் நாற்காலியில் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

"அண்ணை தலை நிமிருமட்டும் கூட்டங்களை நான் நடத்திறன். ஆட்சேபனை இருந்தால் என்ரை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கோ."

என் கழுத்து தானாகவே எழ முற்பட்டது. பிடரியில் மனைவியின் கை விழுந்தது.

"இஞ்சாருங்கோ, நிமிர்ந்தியளெண்டால் கண் போச்சு."

நான் செயலாளரின் கால் பெருவிரலைப் பார்த்து, ஆட்சேபனை உண்டு என்றேன். பெருவிரல் அசையவில்லை. மறுநாள் சந்தையில், நான் அவருடைய காலடியில் தலைகுனிந்து பதவியை ஒப்படைத்ததாகக் கதைத்தார்களாம். அதைக் கேள்விப்பட்ட மனைவி, என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். பின்னர் வந்தவர்கள் என் முதுகோடு கதைத்துவிட்டுப் போய், கண் தெரியாவிட்டாலும் தலைக்கனம் குறையவில்லை என்றார்கள். அத்தலையைக் குனிந்தபடி தாங்கியிருப்பதன் கனத்தை அவர்கள் அறியார்.

சில வாரங்களில் காஸ் கரைந்தது. நிபுணர் சோதித்து, படலம் ஒட்டிவிட்டது, தாராளமாக நிமிரலாம் என்றார். கழுத்துத்தான் அதற்கு உடன்படவில்லை. வளைந்த கழுத்தோடேயே வாசிகசாலைக்குப் போனேன். தலைவர் நாற்காலியில் இருந்த செயலாளர் பெருந்தன்மையோடு எழுந்தார்.

"காணும் அண்ணை. இனியும் என்னத்துக்கு உந்தப் பணிவு?"

மேசையில் விரித்திருந்த பத்திரிகை என் முகத்துக்கு நேர்கீழே கிடந்தது. எழுத்துகள் நெளியவில்லை, ஒரு புள்ளிகூடத் தப்பவில்லை. அவர் எழுந்துவிட்டிருந்த நாற்காலியில் அமர்ந்து, வழமைபோல மரண அறிவித்தல்களிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன்.