வேப்பந்துளிரும் எங்கள் வீட்டுக்காரரும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைதான் படித்தவள். அதோடு, கட்டினவரைப் பற்றி ஊருக்குச் சொல்வது சரிதானா என்ற கூச்சம் வேறு. இன்று மாசாணியம்மனைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, கோயமுத்தூரில் ரோட்டோரத்து மாடி வீட்டில் நாங்கள் இருவர்தான். மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவருக்குப் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. கீழே இறங்குவதையும் விட்டுவிட்டார். பேத்தி விட்டுப்போன கலர் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு, பால்கனியில் உட்கார்ந்து ரோட்டையே வரைவார். ரோட்டை அகலமாக்க வேப்பமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அவர் படத்தில் ரோடு, கரண்ட் கம்பம், பூட்டின கடை, அவ்வளவுதான். நாள் முழுக்க ஜனம் போகிற ரோட்டில் ஒரு ஆள்கூட இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம், இந்த மனுஷன் இப்படியே என்னைவிட்டும் ஒதுங்கிவிடுவாரோ என்று பயம்.

ஒரு நாள் படத்தின் மூலையில் பச்சையாக ஏதோ தெரிந்தது.

“ஏனுங்க, கலர் சிந்திப்போச்சா?”

“எட்டிப் பாரு அம்மணி.”

எதிரே வெட்டின வேம்பின் அடிக்கட்டையில், பட்டையைப் பிளந்துகொண்டு துளிர்.

அந்த வாரமே நடைபாதைக்குக் கல் பதிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கட்டையைத் தோண்டி எறிந்துவிடுவார்களே என்று, மஞ்சளும் குங்குமமும் எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கட்டைக்குப் பூசி, ஒரு மஞ்சள் துணியையும் கட்டிவிட்டு வந்தேன்.

“சாமி பேரச் சொல்லி ஏமாத்தறயா?” என்றார்.

“வேம்புன்னா மாரியாத்தா தானுங்க. இதுல ஏமாத்தறதுக்கு என்ன இருக்குது?”

மேஸ்திரியும் கும்பிட்டுவிட்டு, கட்டையைச் சுற்றிக் கல்லைப் பதித்துவிட்டுப் போனார்.

ஆனால் மஞ்சள் துணியைக் கண்டால் நம் ஜனம் சும்மா போகுமா? அடுத்த வெள்ளிக்கிழமை கட்டை மேலேயே சூடம் ஏற்றினார்கள். நானும் மேலிருந்தே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். துளிர் சுருங்குவது எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு, செருப்புகூட மாட்டாமல் படியிறங்கி ஓடினார்.

“ஏனுங்க, ஏனுங்க! சூடத்தக் கீழ வைங்க! ஆத்தா வெந்துபோவாளுங்க!”

“நீங்க யாருங்க, பூசாரியா?” என்றாள் ஒரு பூக்கார அம்மா.

“எதுத்த ஊட்டுக்காரனுங்க. தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கறேன்.”

“அட, மேல பொம்மையாட்ட உக்காந்திருப்பீங்களே, நீங்களா? பேசக்கூடச் செய்வீங்களா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மேலே நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஒரு பக்கத் துளிர் கருகிவிட்டது. மறுபக்கம் பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து வெள்ளிதோறும் ஒரு தட்டோடு போய் நிற்கிறார், சூடத்தை அதில் ஏற்றச் சொல்லி. வரும்போது தெருக்கதை எல்லாம் கொண்டுவருகிறார். சோறு ஆறிப்போகும், கதை முடியாது. வரைய உட்கார்ந்தால், “அல்லாரும் வந்து நின்னு மரத்த மறைச்சுக்கறாங்க” என்று சலித்துக்கொள்கிறார். மறைத்தவர்களையும் சேர்த்துத்தான் வரைகிறார்.

அம்மன் ஒரு ஊமையைப் பேசவைத்தாள் என்று இப்போது தெருவில் கதை கட்டுகிறார்கள். அவர் ஊமை இல்லை, தனியாக இருந்தார். ஆத்தா எனக்குச் செய்த கருணை இவ்வளவே, இதுவே நிறைவு. இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்வதானால், கருகின துளிரையும் விடாமல் நடந்தபடியே சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.